நாவலடியும் சோதனைக்கூடமும்

மோகனூரைச் சர்க்கரை ஆலையால் அறிந்தோர் பலர். 1888-ஆம் ஆண்டில் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர் என்று அறிந்தோர் சிலர். ஆனால் கோயமுத்தூர், சென்னை, பெங்களூர் என்று பிரிந்துபோய்த் தலைமுறைக் கணக்கில் அங்கங்கே வேரூன்றிவிட்ட குடும்பங்களுக்கோ, காவிரிக்கரையில், எதிர்க்கரை வாங்கலைப் பார்த்தாற்போல் அமைந்திருக்கும் அவ்வூர், முதன்மையாக நாவலடிக் கருப்பண்ணசாமியின் ஊராகும். பிள்ளைக்கு முதல் முடி இறக்கவும், காது குத்தவும், கல்யாணப் பத்திரிகையைச் சந்நிதியில் வைத்து எடுக்கவும் வந்துபோகிற அக்குடும்பங்களில், கொள்ளுப்பாட்டனார் எந்தத் தெருவில் குடியிருந்தார், அவருடைய நிலம் யார் கைக்கு எப்போது மாறிற்று என்பவற்றை ஒருவருமே அறியாதிருக்கலாம்; தெய்வத்தின் பெயர் மட்டும் மறவாமல் நிற்கிறது. கூட்டத்தின் பெயர், காணியூர், குலதெய்வம் என்ற மூன்றும் சேர்ந்த ஒரு விலாசமே கொங்குச் சமவெளியில் நெடுங்காலமாகப் பூர்வீகம் எனப்பட்டு வந்திருக்கிறது.

அந்த விலாசத்துக்கு இப்போது ஒரு போட்டி தோன்றியிருக்கிறது. சிறிய குழாய் ஒன்றில் எச்சிலைச் சேகரித்துத் தபாலில் அனுப்பிவைத்தால், சில வாரங்களுக்குள், வர்ணம் தீட்டிய தேசப்படம் ஒன்றும், நூற்றுக்கு இத்தனை பங்கு இன்ன நாடு, இத்தனை பங்கு இன்ன பிரதேசம் என்று பிரித்துக் காட்டும் கணக்கு ஒன்றும், தூரத்து உறவினர் எனப்படும் முகமறியாதார் சிலருடைய பெயர்ப் பட்டியலும் வந்து சேர்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடிக்கணக்கானோர் இதைச் செய்துபார்த்துவிட்டார்கள். அங்கே குடியேறிய தமிழர்களிடையிலும், சிறிது சிறிதாக நம் நகரங்களிலும், இந்த ஆவல் பரவிவருகிறது. இதனைக் கண்கட்டு வித்தை என்று தள்ளிவிடுவோரும், விஞ்ஞானம் வழங்கிய இறுதித் தீர்ப்பு என்று தலைமேற் கொள்வோரும், என் அபிப்பிராயத்தில், ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். சோதனைக்கூடம் எந்தக் கேள்விக்கு விடை சொல்லிற்று என்பதை இரு சாராருமே விசாரிப்பதில்லை.

மனித உடலின் அநேகமாக ஒவ்வோர் உயிரணுவிலும், ஒரு பெற்றோர் வழிக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டதாக டி.என்.ஏ. அமைந்திருக்கிறது. மனிதருக்கு மனிதர் அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றாகவே இருக்கும். வேறுபடக்கூடிய இடங்களுள் ஆறு அல்லது ஏழு லட்சத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அங்கே இன்ன எழுத்து இருக்கிறது என்று வாசித்துக் கொள்வதே வர்த்தக ரீதியான சோதனையின் முதற் படி; இந்த வாசிப்பில் பிழை மிகவும் சொற்பம். ஆனால் வாசித்த எழுத்துகளில் மோகனூர் என்றோ, காவிரி என்றோ, தமிழ் என்றோ எதுவும் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. ஆகவே இரண்டாம் படியாக, நிறுவனம் தன்னிடம் முன்னமே உள்ள ஒப்பீட்டுத் தொகுதியை, அதாவது இன்ன பிரதேசத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட மனிதர்களின் மாதிரிகளை, எடுத்துவைத்துக் கொண்டு, புதிய மாதிரியின் ஒவ்வொரு துண்டும் அவற்றுள் எதை அதிகமாக ஒத்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. பூர்வீகம் என்ற பெயரால் நமக்கு வந்து சேர்வது இந்த ஒப்புமையின் கணக்கு. ஒப்பிடப்படுவோர் இறந்துபோன மூதாதையர் அல்லர், இன்று உயிரோடிருக்கும் அந்நியர்கள் என்பதை அறிக்கையின் தேசப்படம் எவ்வளவு அழகாக மறைத்துவிடுகிறது!

அந்த அந்நியர்கள் யார் என்று கேட்டால் விடை விசித்திரமாக இருக்கும். உலக ஆராய்ச்சியாளர் எல்லாரும் பொதுச் சொத்தாகப் பயன்படுத்தும் ‘ஆயிரம் ஜீனோம்’ திட்டம், 2008-இல் தொடங்கி 2015-இல் முடிவடைந்த பெருமுயற்சி. அதில் தெற்காசியாவின் சார்பில் இடம்பெற்ற ஐந்து ஜனக்கூட்டங்களுள் குஜராத்தியர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலும், தெலுங்கர் பிரிட்டனிலும் மாதிரி கொடுத்தவர்கள். தமிழரின் பிரதிநிதிகளாக அதில் நிற்பவர்கள் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர், சற்றேறக்குறைய நூறு பேர். வர்த்தக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் மாதிரிகளையும் சேர்த்துத் தொகுதியை விரிவாக்கிக் கொள்கின்றன என்பது மெய்யே. ஆயினும் அவ்வாடிக்கையாளரும் டாலரில் விலை கொடுக்கக் கூடியவர்களேயன்றி, மோகனூர்க் கரும்பு வயலில் களையெடுப்பவர்கள் அல்லர். எனவே இவ்வூர்க் குடியானவர் ஒருவர் சோதனை செய்துகொண்டால், தென்னிந்தியாவும் இலங்கையும் என்று இரண்டையும் பிணைத்த ஒரு பெரும் வட்டத்துக்குள் அவரை வைத்துவிடுவதே கணக்கினால் இயலும். இலங்கையின் பெயரைக் கண்டவுடன், தம் முன்னோர் கடல்கடந்து போய்த் திரும்பியவர்கள் என்று அவர் ஒரு சரித்திரத்தைக் கற்பித்துக் கொள்வாராயின், அது தொகுதியின் பெயர்ப்பலகையிலிருந்து பிறந்த சரித்திரமாகும்.

தொகுதி மாறினால் விடையும் மாறும். 2019-இல் கனடாவின் சி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனம் ஒரே உருவான இரட்டைச் சகோதரிகள் இருவரின் மாதிரிகளை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது, டி.என்.ஏ. அநேகமாக முற்றும் ஒன்றாக இருந்தும், நிறுவனத்துக்கு நிறுவனம் பூர்வீகப் பங்குகள் வேறுபட்டன. ஒரு நிறுவனம் சகோதரிகள் இருவருக்குமே வெவ்வேறு பங்குகளைக் கொடுத்தது. எழுத்துகளை வாசித்ததில் வந்த கோளாறு என்று இதைச் சொல்லிவிட முடியாது. கணக்கு முறையும் ஒப்பீட்டுத் தொகுதியும் சேர்ந்து உண்டாக்கும் அனுமானத்தைப் பிரத்தியட்சம் போல அச்சிட்டுக் கொடுப்பதிலேதான் குற்றம் இருக்கிறது.

இனி, மூதாதையர் என்ற சொல்லையே சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர் என்று மேலேறினால், பத்தாம் தலைமுறையில், அதாவது ஏறக்குறைய இருநூற்றைம்பது முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஒருவருக்கு 1,024 மூதாதையர் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோரின் டி.என்.ஏ. பெருந்துண்டுகளாக வெட்டிக் கலக்கப்பட்டு, அதில் பாதி மட்டுமே பிள்ளைக்கு வருவதால், அந்த 1,024 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமிருந்து ஒரு சிறு துண்டு கூட இன்று நம் உடலில் எஞ்சியிராது. அவர்கள் மூதாதையர் அல்லர் என்று சொல்ல எவருக்குத் துணிவு உண்டு? அவர்களுள் ஒருவர் இல்லாதிருந்தாலும் நாம் பிறந்திருக்க மாட்டோம். எனினும் எவ்வளவு நுட்பமான சோதனையும் அவர்களைக் காணாது.

இதற்கு விலக்காக இரண்டு இழைகள் கலக்காமல் வருகின்றன. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் ஒன்று. தாயிடமிருந்து பிள்ளைகள் அனைவருக்கும் சென்று, மகள் வழியாகவே மேலும் தொடரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. மற்றொன்று. கலவாத காரணத்தால் இவ்விரு இழைகளையும் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கித் தொடர முடிகிறது. அதே காரணத்தால், பத்தாம் தலைமுறையின் 1,024 பேரில் ஒவ்வோர் இழையும் ஒருவரைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

இந்த வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த மயக்கத்துக்குத் தமிழ்நாட்டிலேயே பிரசித்தமான ஓர் உதாரணம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் பல்லாண்டுகள் முயன்று சேகரித்த மாதிரிகளிடையே, மதுரையைச் சார்ந்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த மனிதர் ஒருவரின் ஒய் குரோமோசோமில், எம்130 என்ற அடையாளம் காணப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மனிதரின் வழித்தடத்தைக் குறிப்பது என ஆராய்ச்சியாளர் கருதும் அடையாளம் அது. ஸ்பென்ஸர் வெல்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2002-இல் எழுதிய நூலும், அடுத்த ஆண்டில் வெளியான திரைப்படமும் இக்கண்டுபிடிப்பை உலகெங்கும் பரப்பின. பத்திரிகைகள் அம்மனிதருக்கு ‘முதல் இந்தியர்’ என்று பட்டம் சூட்டின. கண்டுபிடிப்பு மெய், பட்டம் வீண். தந்தைக்குத் தந்தை என்று ஏறும் ஒற்றை இழையில் பழைமையானதோர் அடையாளம் நின்றுவிட்டது என்பதைத் தவிர, அவருடைய தாய்வழி, பாட்டிவழி, இன்னும் எண்ணற்ற கிளை வழிகள் எல்லாம் அண்டை வீட்டாருடைய வழிகளைப் போன்றவையே. அந்த அண்டை வீட்டாரும் அதே ஆப்பிரிக்கப் புறப்பாட்டின் சந்ததியாரே அன்றோ!

அதே பல்கலைக்கழகத்தாரின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு, பத்திரிகைகளில் அவ்வளவு பேசப்படாவிட்டாலும், நமக்கு அதனினும் பயனுள்ளது. தமிழ்நாட்டின் பழங்குடிகள் 12, பிற சமூகங்கள் 19 ஆகியவற்றைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்ட அவ்வாய்வு, அவர்களிடையே உள்ள பிரிவுகள், ஜாதி என்ற ஏற்பாடு நிலைபெறுவதற்கு முன்பே, உழவுத்தொழில் பரவிய காலத்தோடு இணைத்து விளங்கிக்கொள்ளத் தக்கவை என்ற முடிவுக்கு வந்தது. 1,680 பேரைக் கூட்டமாக வைத்துப் பார்த்ததனால் சொல்ல முடிந்த உண்மை இது. அவர்களுள் ஒருவரைத் தனியே நிறுத்தி, உன் முப்பாட்டன் வேடனா உழவனா என்று கேட்டால் அந்தக் குரோமோசோம் வாய்திறவாது. ஜனக்கூட்டத்தின் சரித்திரத்துக்கும் தனி மனிதனின் வம்சாவளிக்கும் நடுவே உள்ள இந்த அகழியைத்தான் வர்த்தக அறிக்கைகள் ஒரே தாண்டலில் கடந்துவிட்டதாகப் பாவனை செய்கின்றன.

மோகனூர்ப் பக்கத்தில் இந்த விசாரணைக்கு மிகவும் பொருத்தமான ஒரு விஷயம் இருக்கிறது. கொங்கு வேளாளரிடையே ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள்; அவர்களுக்குள் கொண்டு கொடுப்பதில்லை; எவ்வளவு தூரத்தில் வாழ்ந்தாலும், முன்பின் கண்டிராதவராயினும், கூட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் அண்ணன் தம்பி முறை. இந்த ஏற்பாடு, கூட்டத்தார் அனைவரும் ஆண்வழியில் ஒரே மூதாதையரின் சந்ததி என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஆகவே ஒரு கூட்டத்து ஆண்கள் எல்லாருக்கும் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தர்க்கத்துக்கு ஒத்தது. ஐரோப்பாவில் குடும்பப் பெயர்களை இவ்வாறே சோதித்திருக்கிறார்கள். பெல்ஜியம் முதலிய நாடுகளின் பழைய பதிவேடுகளையும் குரோமோசோம்களையும் சேர்த்து ஆராய்ந்ததில், பதிவேட்டுத் தந்தை ஒருவரும் பிறப்புக்குக் காரணமான தந்தை வேறொருவருமாக அமைவது தலைமுறைக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்று தெரியவந்தது. அந்தச் சொற்ப அளவையே நம் நாட்டுக்கும் வைத்துக்கொண்டு இருபது தலைமுறைகளைக் கணக்கிட்டால், நூறு வழிகளில் பதினெட்டு வழிகள் எங்கேனும் ஓரிடத்தில் அறுந்து வேறொன்றோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கும்.

அறுந்தது என்று சொன்னாலும், அம்முடிச்சுகளில் பழிக்கத் தக்கவை எத்தனை என்பது வேறு கேள்வி. பிள்ளையில்லாதவர் மைத்துனன் மகனைத் தத்தெடுத்தது, வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாமனாரின் காணிக்கும் தெய்வத்துக்கும் உரியவனானது, பஞ்சத்தில் அநாதையான குழந்தையைச் சேர்த்து வளர்த்தது என்று, குடும்பங்கள் அறிந்தும் அறிவித்தும் செய்த காரியங்கள் பல அதில் அடங்கும். அவற்றின் பயனாக வந்தவனும் அதே சந்நிதியில் முடி இறக்கினான். அவன் பேரனுக்கும் பங்காளிகள் கொள்ளி வைத்தார்கள். குரோமோசோம் வேறுபட்டிருப்பது கூட்டம் என்ற ஸ்தாபனம் பொய் என்பதை நிரூபிக்காது. சுவீகாரத்தையும் தனக்குள் அடக்கிக்கொள்ளத் தெரிந்த ஸ்தாபனம் அது என்பதையே காட்டும். அதே சமயம், எங்கள் கூட்டத்து ரத்தத்தில் மாசில்லை என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இந்தப் பதினெட்டு என்ற எண் கொஞ்சம் அடக்கத்தைத் தரக்கூடும்.

பங்காளி முறையைவிட மாமன் மச்சான் முறையே சோதனைக்கூடத்தை அதிகம் குழப்புவது. அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் ஆகியோரை மணப்பதைச் சில சமூகங்கள் உரிமையாகவே கொண்டுள்ள நாடு இது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவுக்குள் மணந்தவர்கள். அக்காள் மகளை மணந்த ஒருவரின் பிள்ளைக்கு, தந்தைவழிப் பாட்டனாரே தாய்வழியில் கொள்ளுப்பாட்டனாரும் ஆகிறார். மரம் மேலே போகப் போக விரிவதற்குப் பதிலாகக் கிளைகள் தமக்குள் பின்னிக்கொள்கின்றன. 1,024 என்று நாம் எண்ணிய பத்தாம் தலைமுறையில் உண்மையான மனிதர்கள் அதைவிடக் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

வெளிநாட்டு நிறுவனங்கள் உறவின் தூரத்தை, இருவரிடம் பொதுவாக உள்ள டி.என்.ஏ. துண்டுகளின் நீளத்தைக் கூட்டி அளக்கின்றன. பெற்றோரும் பிள்ளையும் பாதி, பெரியப்பன் சித்தப்பன் மக்கள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, அதற்கடுத்த தலைமுறையார் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்பது அவர்களுடைய அளவுகோல். உறவுக்குள்ளேயே மணந்து வந்த குடும்பங்களில் ஒரே துண்டு இரண்டு மூன்று வழிகளில் வந்து சேருமாதலால், நான்கு தலைமுறைக்கு முன் பிரிந்தவர்களும் நேற்றுப் பிரிந்தவர்களைப் போலக் காட்சியளிக்கின்றனர். நியூ ஜெர்ஸியில் வாழும் தமிழர் ஒருவருக்கு, முகமறியாத ஒருவர் இரண்டாம் படி உறவினர் என்று அறிக்கை வந்தால், அவ்வுறவை ஊர்க் கிழவி ஒருத்தி முறை சொல்லி விளக்கிவிடுவாள்; அளவுகோலால் விளக்க முடியாது.

இவ்வாறு கொண்டும் கொடுத்தும் வந்த வட்டங்கள் எப்போது மூடப்பட்டன என்பதைப் பற்றி ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும், ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து செய்த ஆராய்ச்சிகள் ஒரு புதிய அத்தியாயத்தைத் திறந்தன. 2009-இல் 25 ஜனக்கூட்டங்களை ஆராய்ந்து, இந்தியரிற் பெரும்பாலோர் இரண்டு பழைய மூலங்களின் கலப்பு என்றும், அக்கலப்பின் விகிதம் மட்டுமே கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகிறது என்றும் அவர்கள் கூறினார்கள். 2013-இல் 73 ஜனக்கூட்டங்களை ஆராய்ந்து, அக்கலப்பு இன்றைக்கு 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரையான இடைக்காலத்தில் பரவலாக நிகழ்ந்தது என்றும், அதன்பின் அகமணத்தால் வட்டங்கள் மூடிக்கொண்டன என்றும் காட்டினார்கள். கலவாத ஜாதி என்று இந்நாட்டில் ஒன்றும் இல்லை என்பதையும், கலப்பு நின்றபின் சுவர்கள் மெய்யாகவே உயர்ந்தன என்பதையும் ஒரே ஆய்வு ஒருசேர நிலைநாட்டிற்று. நம்மவர் அவரவர் அரசியலுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இங்கே ஓர் அபாயம் பதுங்கியிருக்கிறது. மோகனூரின் இக்கரையானையும் வாங்கலின் அக்கரையானையும் பிரித்தறிய இச்சோதனையால் ஆகாது. பரிசலில் ஆற்றைக் கடந்து கொண்டும் கொடுத்தும் வந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழ்ந்தும் கொண்டு கொடாத இரு ஜாதியாரை, ஒப்பீட்டுத் தொகுதி வளர வளர, இது பிரித்துக் காட்டிவிடக்கூடும். 2025-இல் வெளியிடப்பட்ட ஜீனோம் இந்தியா திட்டம் 83 ஜனக்கூட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் முழு டி.என்.ஏ.வையும் வாசித்து முடித்திருக்கிறது. மருத்துவத்துக்கு அது பெரும் கொடை. அதே வகை ஞானம் கல்யாணத் தரகர் கைக்குப் போய்ச் சேருமானால், பெண் பார்க்க வருமுன் எச்சில் கேட்கும் காலம் வராது என்று உறுதி சொல்ல என்னால் இயலவில்லை.

மருத்துவம் என்றேன். பரம்பரையாக வருவனவற்றுள் சோதனை சந்தேகமின்றிச் சொல்லக்கூடிய செய்தி அங்கேதான் இருக்கிறது. மதுரையிலும் ஐதராபாத்திலும் இருந்த ஆராய்ச்சியாளர் 2009-இல் வெளியிட்டபடி, இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன குறை இந்தியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. முதிர்ந்த வயதில் இதயத்தைத் தளரச்செய்யும் அக்குறை, ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் தோன்றி, ஜாதி, மொழி என்ற பேதமின்றிப் பரவியது. மாறாக, மயக்கமருந்தோடு கொடுக்கப்படும் தசை தளர்த்தும் மருந்தின் ஒரு வகையைத் தாங்கமாட்டாத தன்மை ஆரிய வைசியரிடையே மிகுதி; 2017-இல் 260-க்கு மேற்பட்ட தெற்காசிய ஜனக்கூட்டங்களை ஆராய்ந்தபோது, மிகச் சிலரிலிருந்து பெருகி அகமணத்தால் மூடிக்கொண்ட கூட்டங்களாக 81 அடையாளம் காணப்பட்டன. இத்தகைய செய்தியால் ஓர் உயிர் காக்கப்படும். தேசப்படத்தின் வர்ணங்களால் அப்படி ஒன்றும் நேராது.

பூர்வீகத் தாகம் உண்மையிலேயே கடுமையாக இருப்பது, ஊரைவிட்டு வலிய அறுக்கப்பட்டவர்களின் சந்ததியாரிடம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவை வாட்டியது. 1871-க்கும் 1881-க்கும் இடையே ஜில்லாவின் ஜனத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. செத்தவர் போக, இலங்கைத் தோட்டங்களுக்கும், மொரீஷியஸ், நேட்டால் ஆகிய கரும்புத் தேசங்களுக்கும் போனவர் அநேகர். 1860 நவம்பர் 16-இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது முதல், 1911-இல் அவ்வழக்கம் நிறுத்தப்படும் வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுடைய கப்பல் பட்டியல்களில் வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலின் அங்க அடையாளம் எல்லாம் எழுதப்பட்டுள்ளன.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலை இதற்கு நேர் எதிரானது. அடிமைகளாக இருந்தவரை ஜனக்கணக்கில் பெயர் எழுதப்படாதிருந்து, 1870-இல்தான் பெயர் பெற்றவர்கள் அவர்கள். அதற்கு முந்திய காலத்தைக் காட்ட டி.என்.ஏ.வைத் தவிர வேறு கதி அவர்களுக்கு அநேகமாக இல்லை. அவர்களுக்கு நியாயமான அச்சோதனையை, டர்பன் தமிழர் அதே நம்பிக்கையோடு நாடுவது வீண் செலவென்றே எனக்குத் தோன்றுகிறது; தென்னிந்தியா என்று சொல்லும் அறிக்கையைவிட, நாமக்கல் தாலுகா இன்ன கிராமம் என்று சொல்லும் பழுப்பேறிய பட்டியல் எவ்வளவோ மேல். பட்டியலிலும் பிழை உண்டு என்பதை மறுக்கவில்லை. தமிழ்ப் பெயர்களைக் காதால் கேட்டு இங்கிலீஷில் எழுதிய குமாஸ்தாவின் கிறுக்கல்கள், ஜாதியை மறைத்துச் சொன்னவர்கள், புறப்பட்ட ஊரைச் சொல்லாமல் ஆள்பிடிக்கப்பட்ட ஊரைச் சொன்னவர்கள் எல்லாம் அதில் இருக்கக்கூடும். போதாக்குறைக்கு, நாமக்கல் தாலுகா இடையில் சில காலம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்து, மறுபடியும் சேலத்துக்கு வந்து, 1997 முதல் தனி மாவட்டத்தின் தலைமையிடமாக இயங்குவதால், தேடுபவர் மூன்று ஜில்லாக்களின் கணக்குகளைப் புரட்ட நேரிடும். ஆயினும் பிழைபட்ட சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஊரின் பெயரையே அறியாத சாட்சியை என்ன செய்வது?

இலங்கைக்குக் கங்காணிகளின் கீழ் நடந்துபோனவர்களுக்கு அத்தகைய பட்டியலும் வாய்க்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் 1948-ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டம், உன் தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்று காகிதத்தால் நிரூபி என்று கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று எழுதிவைத்தவர் யார்? லட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. பூர்வீகம் என்பது ரத்தத்தின் குணம் என்று நம்புகிறவர்கள் இந்த வரலாற்றைப் படித்துப் பார்க்க வேண்டும். கொழும்பில் வாக்குரிமை பெற்ற தமிழனுக்கும், தோட்டத்தில் அதை இழந்த தமிழனுக்கும் எச்சிலில் எந்தப் பேதத்தைக் கண்டுபிடித்துச் சட்டம் பிரித்தது?

எல்லாவற்றையும் குறைத்தே பேசிவிட்டேனாயினும், இச்சோதனை வேறெந்தச் சாட்சியாலும் ஆகாததைச் செய்யும் இடம் ஒன்று இதே சேலம் சீமையில் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் பொருட்டு, அந்நாள் முதலமைச்சர் ஜெயலலிதா 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, அது முதன்முதல் நடைமுறைக்கு வந்தது சேலத்தில். வளர்க்க இயலாத பெண் குழந்தையை ஆஸ்பத்திரியிலோ விடுதியிலோ வைக்கப்பட்ட தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம். யார் எவர் என்று கேட்பாரில்லை. அவ்வாறு பிழைத்துத் தத்துப் போன பெண்களுள் மூத்தவர்கள் இன்று முப்பதைக் கடந்தவர்கள். அவர்களுக்குக் கூட்டம் தெரியாது, குலதெய்வம் தெரியாது, கப்பல் பட்டியலும் கிடையாது. பெயர் கேளாமையே அத்திட்டத்தின் கருணையாதலால் பதிவேடும் உதவாது. அவர்களுக்கு முன், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பலருடைய கதியும் இதுவே. தாயும் மகளும் பாதி, உடன்பிறந்தார் ஏறக்குறைய பாதி என்னும் அந்த நெருங்கிய உறவின் கணக்கில் சோதனை தவறுவதில்லை. அக்காள் மகளை மணந்த வழக்கம் கூட அங்கே அதைக் குழப்பிவிடாது. வேண்டுவது ஒன்றுதான், மறுபுறத்தில் உள்ளவரும் தம் எச்சிலைக் கொடுத்திருக்க வேண்டும். ஓமலூர்ப் பக்கத்துக் கூலிப்பெண் ஒருத்தி வெளிநாட்டு நிறுவனத்துக்கு அதை அனுப்பியிருப்பாளா?

அவள் அனுப்பாவிட்டாலும் அவளுடைய பெரியம்மாள் பேரன் அனுப்பியிருக்கலாம் என்பதிலேதான் இந்த வித்தையின் வலிமையும் வம்பும் இருக்கின்றன. 2018-இல் கலிபோர்னியாவில் பழைய கொலைகாரன் ஒருவனைப் போலீஸார் பிடித்தது, அவன் கொடுத்த மாதிரியால் அன்று; தூரத்து உறவினர் தம் பூர்வீகம் அறியும் ஆவலில் பொதுத் தளத்தில் இட்டுவைத்த மாதிரிகளால். ஒருவர் கொடுக்கும் சம்மதம் அவருடைய ரத்தபந்துக்கள் எல்லாரையும் கட்டிப்போடுகிறது. ஒன்றரைக் கோடி வாடிக்கையாளரைக் கொண்ட ‘ட்வென்டி த்ரீ அண்ட் மீ’ நிறுவனத்திலிருந்து 2023-இல் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவாலாகி நீதிமன்றத்தை நாடியபோது, சேகரித்து வைத்திருந்த மாதிரிகளின் கணக்கும் ஏலப்பொருளின் ஓர் அங்கமாயிற்று.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், தத்துப்போன பிள்ளை வயது வந்தபின் தன் மூலத்தை அறியத் தானே விண்ணப்பிக்கலாம் என்று அனுமதிக்கின்றன. பெற்றவர் தம் அடையாளத்தை வெளியிடலாகாது என்று கேட்டிருந்தால் அதற்கும் இடம் வைக்கின்றன. மூன்றாமவர் மூலம் நடைபெறும் தேடலை அனுமதிப்பதில்லை என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. எச்சிற் குழாயின் வழியாக நிகழும் தேடலோ முற்றிலும் மூன்றாமவரால் ஆனது. ஸ்டாக்ஹோமிலிருந்து தேடுகிற மகளுக்கும், யார் எவர் என்று கேட்க மாட்டார்கள் என்ற அரசாங்கத்தின் வாக்கை நம்பித் தொட்டிலில் இட்டுத் திரும்பிய தாய்க்கும் நடுவே, டல்லாஸில் பொழுதுபோக்காகச் சோதனை செய்துகொண்ட ஒருவரின் பட்டியல் வந்து நிற்கிறது. அம்மகளின் ஏக்கத்துக்கும் அத்தாய்க்குக் கொடுத்த வாக்குக்கும் இடையே வழக்கு மூளுமானால், அதைத் தீர்க்கும் சட்டம் எதையும் நாம் இன்னும் இயற்றவில்லை.